அந்த ‘ஆனா’வுக்குப் பிறகு

கேள்வி: என்னோடு பத்தாம் வகுப்புவரை ஒரே பெஞ்சில் படித்தவன் இன்று எதிர் இயக்கத்தில் ஒன்றியப் பொறுப்பில் இருக்கிறான். நல்லவன், விவரம் தெரிந்தவன். அவன் எப்படி அந்தக் கூட்டத்தோடு கண்ணை மூடிக்கொண்டு போகிறான் என்று எனக்கு விளங்கவே இல்லை. காசு, பதவி, சாதி வெறி தவிர வேறு காரணம் இருக்க முடியுமா? போன மாதம் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தான். நான் போகவில்லை.
(பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகர், காரிமங்கலம்)

பதில்: நீங்கள் எந்தக் கட்சி, உங்கள் நண்பர் எந்தக் கட்சி என்று கடிதத்தில் இல்லை. இல்லாததும் நல்லதுதான். இதே கேள்வி, கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில், தருமபுரி மாவட்டத்தின் இரண்டு பக்கத்திலிருந்தும் எனக்கு வந்துகொண்டிருக்கிறது. அவரவர் கட்சிக்கு அவரவரிடம் காரணம் இருக்கிறது. எதிரில் நிற்பவருக்கு மட்டும் காசும் வெறியும்.

விளங்கவில்லை என்கிறீர்கள். கேட்டீர்களா? கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அவரிடம் கேட்டதாக ஒரு வரி இல்லை.

கடத்தூர் பக்கம் ஒரு பெரியவர், பாட்டாளி மக்கள் கட்சிக்காரர். ஏன் அந்தக் கட்சி என்று கேட்டதும் ஒன்றும் பேசாமல் உள்ளே போய் பீரோவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துவந்தார். பெரிய மகனுக்கு வந்த வேலை உத்தரவு. மடித்த இடமெல்லாம் கிழிந்து, செல்லோடேப் ஒட்டியிருந்தது. “இது 87ல ரோட்டுல மரத்தை வெட்டிப் போட்டு உக்காந்ததுக்கு வந்தது சார்” என்றார். 1987 செப்டம்பரில் வன்னியர் சங்கம் நடத்திய ஒரு வார சாலை மறியலில் 21 பேர் செத்தார்கள். 1989-ல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீத இடஒதுக்கீடு வந்தது. அதே வருஷம் ஜூலையில் கட்சி பிறந்தது. நாம் தேதிகளாகப் படிப்பதை அவர் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார்.

அரூர் பக்கத்துக் காலனி இளைஞர் ஒருவர், விடுதலைச் சிறுத்தைகள் கட்சி. அவர் தாத்தாவுக்கு டீக்கடையில் தனி டம்ளர். கூரையில் செருகி வைத்திருப்பார்களாம். அவரே எடுத்து, குடித்துவிட்டு, அவரே கழுவித் திரும்பச் செருக வேண்டும். “எங்க கொடிக்கம்பம் ரோட்டோரம் நின்ன பிறகுதான் நாங்க பஸ் ஸ்டாப்புல உக்காந்தோம்” என்றார். ஒரு இரும்புக் குழாய்க்கு ஏன் இத்தனை சண்டை என்று சலித்துக்கொள்கிற யாரும் அந்த பஸ் ஸ்டாப்பில் இடம் இருந்தும் நின்றுகொண்டே இருந்தவர்கள் கிடையாது.

சரி, 2012-ஐத் தொடாமல் தருமபுரியைப் பற்றிப் பேசவே முடியாது. தலித் இளைஞருக்கும் வன்னியர் பெண்ணுக்கும் ஒரு காதல் திருமணம், அதைத் தொடர்ந்து பெண்ணின் தந்தை மரணம், நவம்பர் 7 அன்று நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் 200-க்கும் மேற்பட்ட தலித் வீடுகளுக்குத் தீ. அந்த நாயக்கன்கொட்டாய் பகுதியில்தான் நக்சல்பாரித் தோழர்கள் அப்பு, பாலன் நினைவிடமும் இருக்கிறது. தனி டம்ளரையும் கந்துவட்டியையும் எதிர்த்து இரண்டு சாதிக்காரர்களும் ஒரே கொடியின் கீழ் நின்ற மண் அது. அந்த இயக்கத்தை போலீஸ் ஒடுக்கியது. அதில் இருந்தவர்கள் எங்கே போவார்கள்? ஆளுக்கொரு பக்கம், எந்தக் கை நீண்டதோ அதைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இந்த இரண்டு ஜனமும் என்றைக்குமே ஒட்டாது என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த நினைவிடம்தான் ஞாபகம் வருகிறது.

அந்தத் தீயைப் பற்றிப் பெரியவரிடம் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். “அது தப்புதான் சார். ஆனா…” என்று ஆரம்பித்தார். நான் நோட்டை மூடிவிட்டேன்.

வீடு கொளுத்தியதற்கு எந்த ‘ஆனா’வும் கிடையாது. அன்றும் அதுதான் என் முடிவு, இன்றும் அதுதான். ஆனால் நோட்டை மூடியது தப்பு. அது பல நாள் உறுத்தியது. அடுத்த முறை போனபோது உட்கார்ந்து கேட்டேன். மூன்று ஏக்கர் நிலம். ஆயிரம் அடி போர் போட்டும் தண்ணீர் இல்லை. சின்ன மகன் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. அதே மேஸ்திரியிடம், அதே கூலிக்கு, காலனிப் பையன்களும் போகிறார்கள். அங்கே எல்லோருக்கும் ஒரே அடுப்பில் சோறு பொங்குகிறது. ஊருக்கு வந்தால் காலனியில் மெத்தை வீடு எழும்புகிறது, இவருக்குத் தான் ஒரு படி இறங்கிவிட்டதுபோல இருக்கிறது. “அவங்க எங்கிட்ட இருந்து எடுத்துக் கட்டல, தெரியும்” என்று அவரே சொன்னார். தெரிந்தும் வலிக்கிறது. வற்றிப்போன கிணற்றைத் திட்ட முடியாது. எதிரே எழும்பும் வீடு தினமும் கண்ணில் படுகிறது. அந்த வலியை எந்த மேடை எடுத்துப் பேசுகிறதோ அங்கே அவர் கை தட்டுகிறார். அந்த மேடை அவருக்குக் கிணற்றில் தண்ணீர் கொண்டுவரவில்லை என்பதையும் அவர்தான் சொன்னார். நோட்டை மூடியபடியே வந்திருந்தால், ‘வெறியர்’ என்று ஒரு வார்த்தை எழுதி அன்றைக்கே வேலையை முடித்திருப்பேன். அவர் நெஞ்சில் எது புகைகிறது என்பது எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

அப்புறம், கண்ணை மூடிக்கொண்டு போகிற கூட்டம் என்று எழுதியிருக்கிறீர்களே. தருமபுரி மக்களவைத் தொகுதி 2014-ல் பா.ம.க.வுக்குப் போனது, 2019-ல் தி.மு.க.வுக்கு. 2024-ல் மறுபடியும் தி.மு.க., வித்தியாசம் சுமார் 21,000 ஓட்டு. பல வீடுகளில் ஓட்டு மாறாமல் இது நடக்காது. நீங்கள் கூட்டம் என்று ஒதுக்குகிறவர்கள் ஒவ்வொரு முறையும் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு உங்களுக்கும் எனக்கும் பிடிக்காமல் இருக்கலாம்.

கல்யாணம் முடிந்துவிட்டது. இன்னும் மொய்க் கவரோடு அந்த வீட்டுக்குப் போகலாம், ஒரு மாதம் ஒன்றும் பெரிய தாமதம் இல்லை. அவர் எந்த வருஷம் கட்சியில் சேர்ந்தார், அந்த வருஷம் அவர் வீட்டில் என்ன நடந்தது என்று கேளுங்கள். பேச்சு எப்படியும் ஒரு ‘ஆனா’வில் வந்து நிற்கும். அப்போது எழுந்துவிடாதீர்கள். அவர் முடித்ததும் உங்களையும் அதே கேள்வி கேட்பார். பதிலை யோசித்துக்கொண்டு போங்கள்.