நியூமா பேலன்சிங்கில் ஸ்கேன் பீரியட் மினிமத்தை 1000லிருந்து 100 ஆக்கினால் டேட்டாபேஸ் வேகமாகுமா?

உங்களிடம் இரண்டு சாக்கெட் லினக்ஸ் சர்வர், அதில் பல பத்து ஜிபி மெமரி பிடித்து ஓடும் ஒரே டேட்டாபேஸ் பிராசஸ், யாரோ சொன்னதைக் கேட்டு இந்த எண்ணில் கை வைக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அந்த மாதிரி சர்வரில் ஒவ்வொரு பிராசசருக்கும் பக்கத்தில் தனி மெமரி, இரண்டும் சேர்ந்தது ஒரு நோட். கர்னல் பிராசஸின் மெமரியை அவ்வப்போது ஸ்கேன் செய்து, அதைத் தொடும் திரெட் இருக்கும் நோடுக்கே நகர்த்தப் பார்ப்பதுதான் நியூமா பேலன்சிங், அந்த ஸ்கேனின் வேகத்துக்கான எண்தான் இது. வேகமாகாது. மாற்றிப் பார்த்தவன் நான்.

என்னுடையது 60 ஜிபி பிராசஸ். மாற்றிய மறுநாள் ரெஸ்பான்ஸ் டைம் கொஞ்சம் இறங்கியிருந்தது, உடனே கிராஃபோடு எல்லோருக்கும் மெயில் தட்டினேன், பாராட்டு வந்தது, வாங்கிக்கொண்டேன். ஏழெட்டு மாதம் கழித்து வேறு எதற்கோ கர்னல் ஷெட்யூலரின் சோர்ஸ் கோடான ஃபேர்.சி கோப்பைத் திறந்தபோதுதான் வயிற்றைப் பிசைந்தது. அந்த 1000 மில்லிசெகண்ட் என்பது பிராசஸின் மொத்த மெமரியையும் ஒரு சுற்று பார்த்து முடிக்கும் நேரம். ஒரு தடவைக்கு 256 எம்பி ஸ்கேன் ஆகும், ஆக 60 ஜிபிக்கு 240 தடவை, வகுத்தால் தடவைக்குச் சுமார் 4 மில்லிசெகண்ட். ஆனால் நொடிக்கு 2560 எம்பிக்கு மேல், அதாவது 10 தடவைக்கு மேல், போகாதே என்று அந்த சோர்ஸ் கோடிலேயே ஒரு வரம்பு இருப்பதால் தடவைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி 100 மில்லிசெகண்டுக்குக் கீழே இறங்கவே இறங்காது. நான் தொடுவதற்கு முன்பே அந்தக் கீழ்வரம்பு 100தான், தொட்ட பிறகும் 100தான். அந்த மறுநாள் டிராஃபிக்கே குறைவாக இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சில நூறு எம்பி பிராசஸ்களுக்கு இந்த எண் வேலை செய்யும், யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஸ்கேன் செலவு சிபியு நேரத்தில் 3 சதவீதத்தைத் தாண்டாதே என்பீர்கள், சரி, அது ஸ்கேனுக்கு மட்டும். அப்புறம் வரும் ஹிண்ட் ஃபால்ட்டும் (ஸ்கேன் குறித்து வைத்த மெமரியைத் திரெட் தொடும்போது கர்னல் குறுக்கிடுவது), பேஜை, அதாவது மெமரித் துண்டை, இந்த நோடிலிருந்து அந்த நோடுக்குத் தூக்கிப்போவதும் அந்தக் கணக்கில் வராது.

எங்கள் நிஜப் பிரச்சினை வேறு. இரண்டு நோடிலும் ஓடும் திரெட்கள் ஒரே பஃபரைத் தொட்டுக்கொண்டிருந்தன, எங்கே வைத்தாலும் பாதிப் பேருக்கு அது தூரம்தான், கர்னலோ இன்னும் வேகமாகத் தேட வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறது. கர்னலின் மெமரிக் கணக்கான விஎம்ஸ்டாட்டில் மொத்த ஹிண்ட் ஃபால்ட்டையும் லோக்கல் (அதே நோடில் இருந்த மெமரிக்கு வந்த) ஹிண்ட் ஃபால்ட்டையும் சில நிமிடம் விட்டு இரண்டு முறை எடுத்து, கூடியதைக் கழித்துப் பாருங்கள். லோக்கல் பாதி அளவிலேயே நின்றால் நீங்களும் எங்கள் கேஸ்தான். பேலன்சிங்கை அணைத்துவிட்டு நியூமாகன்ட்ரோலில் இன்டர்லீவ் போட்டு மெமரியை இரண்டு நோடிலும் சமமாகப் பரப்பினோம், சிஸ்டம் டைம் (கர்னல் எடுக்கும் சிபியு நேரம்) அப்போதுதான் இறங்கியது.

இதைவிட எரிச்சல் ஒன்று உண்டு. என் மெயிலைப் பார்த்து, இந்த எண்ணை மாற்றும் வரியை எல்லா சர்வரின் கான்ஃபிக்கிலும் ஒட்டிவிட்டார்கள். கர்னல் 5.13ல் இந்த எண்கள் வழக்கமான கர்னல் செட்டிங் இடமான சிஸ்சிடிஎல்லை விட்டு, டீபக் வேலைக்கான டீபக்எஃப்எஸ்சுக்குப் போய்விட்டன, அதிலிருந்து பூட் ஆகும்போதெல்லாம் அந்த வரிக்கு எரர் வருகிறது. அதை எடுக்கச் சொல்லி மூன்று முறை டிக்கெட் போட்டேன். மூன்று முறையும் 'பெர்ஃபார்மன்ஸ் பாதிக்கலாம்' என்று திருப்பி அனுப்பினார்கள், ஆதாரமாக என் மெயிலையே இணைத்து.