சோவியத் காலத்துப் பயணிகள் விமானங்கள் ஏன் அப்படி இருந்தன?

கேள்வி: டுபோலெவ், இல்யூஷின் விமானங்களில் போனவர்கள் எல்லோரும் கண்ணாடி மூக்கு, வாலில் குவிந்த எஞ்சின்கள், காதடைக்கும் சத்தம், கையில் திணிக்கும் மிட்டாய் என்று ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். அவை ஏன் போயிங் விமானங்களைப் போல இல்லை?

பதில்:

பாதிக்கு மேல் காரணம் ஓடுபாதைதான். சைபீரியாவில் குளிர்காலத்தில் தரை உறைந்து உப்பும்; பனி உருகும்போது அமுங்கும். மேலே போட்ட கான்கிரீட் பலகைகள் ஒன்று ஏறி, ஒன்று இறங்கி நிற்கும். சின்ன ஊர்களில் ஏணி வண்டி இருக்காது, எஞ்சின் கிளப்ப மின்சார வண்டி இருக்காது, பெட்டிகளைப் பிரித்துக் கொடுக்கும் வசதி இருக்காது. ஆனால் அந்த ஊருக்கு ரயிலும் இல்லை, சாலையும் இல்லை. விமானம் போயே ஆக வேண்டும். இந்த நிலைமையை வரைபட மேசையில் வைத்துக்கொண்டுதான் அந்த விமானங்களை வடிவமைத்தார்கள். இதை மனதில் வைத்துப் பார்த்தால் அவற்றின் ஒவ்வொரு வினோதத்துக்கும் காரணம் புரியும்.

டுபோலெவின் டு-154ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1968இல் முதலில் பறந்தது, 1972 பிப்ரவரியில் பயணிகள் சேவைக்கு வந்தது, ஏறத்தாழ ஆயிரம் விமானங்கள் கட்டப்பட்டன. அதே அளவுள்ள போயிங் 727க்குப் பிரதானக் கால் ஒவ்வொன்றிலும் இரண்டு சக்கரம், டு-154க்கு ஆறு. மூக்குச் சக்கரத்தையும் சேர்த்து 14 டயர்கள். 100 டன் எடையை இத்தனை டயர்களில் பரப்பினால் ஒவ்வொன்றும் தரையை அழுத்தும் அளவு குறையும், பலவீனமான கான்கிரீட் நொறுங்காது. இவ்வளவு பெரிய சக்கரத் தொகுதி மெல்லிய இறக்கைக்குள் அடங்காது. அதனால் இறக்கையின் பின்விளிம்பைத் தாண்டி நீளும் இரண்டு கூடுகள் செய்து, கால்களைப் பின்னோக்கி மடித்து உள்ளே வைத்தார்கள். டு-134, டு-154 இரண்டையும் தூரத்திலிருந்தே அடையாளம் காட்டுவது அந்தக் கூடுகள்தான். அவற்றோடு வாலில் இரண்டு எஞ்சின் என்றால் 134, மூன்று என்றால் 154.

எஞ்சினைப் பின்னால் உயர்த்தி வைத்ததற்கும் தரை ஒரு காரணம். இறக்கைக்குக் கீழே தொங்கும் எஞ்சின் ஓடுபாதையில் கிடக்கும் கல், ஐஸ் துண்டு எல்லாவற்றையும் உறிஞ்சும். வாலில் உயரத்தில் இருந்தால் அந்த ஆபத்து குறைவு, இறக்கையும் தடையில்லாமல் சுத்தமாக இருக்கும். பயணிக்கு இதன் பலன் இரண்டு விதம். முன்வரிசையில் உட்கார்ந்தவர் காற்றின் இரைச்சலை மட்டும் கேட்டார். கடைசி நாலைந்து வரிசைக்காரர் எஞ்சின்களுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, பக்கத்து இருக்கைக்காரரோடு கத்திப் பேசினார். "அமைதியான விமானம்" என்பவரும் "தலைவலி" என்பவரும் ஒரே விமானத்தில் போனவர்களாக இருக்கலாம். இருக்கை எண்ணைக் கேளுங்கள்.

இந்த அமைப்புக்குக் கொடுத்த விலையும் பெரிது. மூக்கு அளவுக்கு மீறித் தூக்கி வேகம் குறைந்தால், இறக்கையிலிருந்து கலங்கி வரும் காற்று, செங்குத்து வாலின் உச்சியில் இருக்கும் கிடைவாலை அப்படியே மூடிவிடும். விமானி மூக்கை இறக்கச் சொன்னாலும் வால் கேட்காது. 1985 ஜூலை 10 அன்று உஸ்பெக்கிஸ்தானின் உச்குதுக் அருகே, அதிக எடையோடு வெப்பமான காற்றில் உயரே போன டு-154 வேகம் இழந்து தட்டையாகச் சுழன்று விழுந்தது. 200 பேரும் இறந்தார்கள். 2006 ஆகஸ்ட் 22 அன்று இடிமேகத்துக்கு மேலே ஏறப்பார்த்த இன்னொரு டு-154 தோனெத்ஸ்க் அருகே அதே மாதிரி விழுந்து 170 பேர் போனார்கள்.

இல்யூஷினின் இல்-62 விமானத்தில் நான்கு எஞ்சினும் வாலில், இரண்டிரண்டாக ஒட்டியபடி இருக்கும். காலியாக நிற்கும்போது அதன் எடைமையம் பிரதானச் சக்கரங்களுக்குப் பின்னால் போய்விடும், விமானம் வாலில் உட்கார்ந்துவிடும். அதற்காகவே வாலுக்கடியில் இரட்டைச் சக்கரத்தோடு ஒரு சின்ன ஊன்றுகால் உண்டு. நிறுத்தியதும் இறக்கி, பயணிகளும் சாமான்களும் எரிபொருளும் ஏறிய பிறகு மடக்க வேண்டும். 53 மீட்டர் நீள விமானத்தை ஹைட்ராலிக் துணை இல்லாமல், தண்டுகள் வழியாகக் கைபலத்தில் திருப்பினார்கள் என்பது இன்னும் ஆச்சரியம். ஹைட்ராலிக் கசிவு என்ற பெரிய தொல்லை இதனால் இல்லாமல் போனது. ஆனால் எஞ்சின் வெடித்தால் அந்தத் தண்டுகள்தான் குறுக்கே இருந்தன. 1987 மே 9 அன்று வார்சாவில் நடந்தது அதுதான்: ஓர் எஞ்சினின் சுழல்தண்டைத் தாங்கும் பேரிங்கில் 26 உருளைகள் இருக்க வேண்டிய இடத்தில் 13 மட்டும் போட்டிருந்தார்கள். உராய்வில் சூடேறி அந்தச் சுழல்தண்டு முறிந்தது, பிடிவிட்ட டர்பைன் கட்டுக்கடங்காமல் சுழன்று சிதறியது. சில்லுகள் பக்கத்து எஞ்சினையும் உயரக் கட்டுப்பாட்டையும் அறுத்தன, சரக்கறையில் தீ பிடித்தது. திரும்பி இறங்க முயன்ற விமானம் காட்டில் விழுந்து 183 பேரும் இறந்தார்கள். பாதி உருளைகள் போட்ட ஒரு பேரிங்!

கண்ணாடி மூக்குக்கு வருவோம். 1956 செப்டம்பரில் மாஸ்கோ–ஓம்ஸ்க்–இர்குத்ஸ்க் தடத்தில் ஓடத் தொடங்கிய டு-104, டு-16 குண்டுவீச்சு விமானத்திலிருந்து பிறந்தது. பிரிட்டனின் காமெட் ஜெட் விமானம் விபத்துகளுக்குப் பின் தரையில் நின்றதால், 1956 முதல் 1958 வரை உலகில் சேவையில் இருந்த ஒரே ஜெட் பயணிகள் விமானம் இதுதான். குண்டுவீச்சு விமானத்தின் மூக்கில் உட்கார்ந்த நேவிகேட்டர் இதிலும் அங்கேயே உட்கார்ந்தார். டைகா காட்டுக்கு மேலே ரேடியோ வழிகாட்டிகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு ஒன்று என்று இருந்த காலத்தில், ஆற்று வளைவையும் ரயில் பாதையையும் கண்ணால் பார்த்து வரைபடத்தோடு ஒப்பிடும் ஆள் தேவைப்பட்டார். டு-104இல் எஞ்சினைத் திருப்பி உந்தி வேகம் குறைக்கும் ரிவர்ஸ் வசதி கிடையாது; இறங்கியதும் வாலிலிருந்து பிரேக் பாராசூட் விரியும். முதல் டு-134களிலும் அப்படித்தான். 1970இல் வந்த டு-134ஏ தான் ரிவர்ஸைக் கொண்டுவந்தது.

ஏணி வண்டி இல்லாத ஊர்களுக்கு யாகோவ்லெவ் நிறுவனத்தின் யாக்-40. வாலுக்கடியிலிருந்து தன் படிக்கட்டைத் தானே இறக்கும். 700 மீட்டர் புல்தரை போதும். 350 பேர் ஏறும் இல்-86 இதே யோசனையைப் பெரிதாக்கியது. பயணி தரையிலிருந்து மூன்று படிக்கட்டுகளில் ஒன்றின் வழியாகக் கீழ்த்தளத்துக்குள் ஏறி, பெட்டியை அங்குள்ள தட்டில் தானே வைத்துவிட்டு, உள்படி வழியாக மேல்தளத்துக்குப் போய் உட்கார வேண்டும். இறங்கும்போது எடுத்துக்கொண்டு நேராக நடக்கலாம், பெல்ட் முன்னால் காத்திருக்கத் தேவையில்லை.

மிட்டாய்க்கு வேலை இருந்தது. "விஸ்லியோத்னயே" என்ற பெயருக்கே மேலெழும்புவது சம்பந்தமானது என்று பொருள். சப்பினால் எச்சில் ஊறும், அடிக்கடி விழுங்குவோம், காதுக்கும் தொண்டைக்கும் இடையிலுள்ள குழாய் திறந்து அழுத்தம் சமமாகும். இறங்கும்போதுதான் காது அதிகம் அடைக்கும், ஆகவே ஒன்றை மிச்சம் வைத்திருப்பது நல்லது.

பயணி பார்க்காத ஒரு வித்தியாசம் காக்பிட்டில் இருந்தது. என்னைக் கேட்டால் அதுதான் மிக முக்கியமானது. விமானம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று காட்டும் கருவியில், மேற்கத்திய விமானத்தில் விமானச் சின்னம் அசையாது, அடிவானக் கோடு சாயும். டு-154இல் தலைகீழ்: அடிவானம் கிடையாகவே நிற்கும், சின்ன விமானம் சாயும். வெளியிலிருந்து பார்ப்பவரின் பார்வை அது. பல வருடம் ஒன்றில் பழகியவர் மற்றொன்றுக்கு மாறி, இரவில் மேகத்துக்குள் குழம்பினால் இடது வலதாகிவிடும். 2008 செப்டம்பர் 14 அன்று பெர்ம் நகரில் போயிங் 737 விழுந்து 88 பேர் இறந்தபோது, விமானிகளின் இந்தக் குழப்பத்தையும் விசாரணை அறிக்கை குறிப்பிட்டது.

டு-154இன் உள்ளமைப்பைப் புரிந்துகொள்ள 2010 செப்டம்பர் 7 அன்று நடந்ததைப் பார்க்கலாம். போல்யார்னியிலிருந்து மாஸ்கோவுக்கு 72 பயணிகள், 9 ஊழியர்களோடு போன டு-154எம் விமானத்தில் பேட்டரி அளவுமீறிச் சூடேறி மின்சாரம் முழுவதும் போனது. ரேடியோ இல்லை, வழிகாட்டும் கருவி இல்லை. இந்த விமானத்தில் மூன்று எஞ்சினுக்கும் எரிபொருள் நடுவிலுள்ள ஒரே டேங்கிலிருந்து போகும். அதன் கொள்ளளவு 3,300 கிலோ. இறக்கை டேங்குகளிலிருந்து அதை நிரப்பிக்கொண்டே இருப்பவை மின்பம்புகள். மின்சாரம் போனதும் அவை நின்றன. இறக்கையில் டன் கணக்கில் எரிபொருள் இருக்க, எஞ்சின்களுக்கு அரை மணி நேரத்துக்குத்தான் மிச்சம்.

மேகத்துக்குக் கீழே இறங்கிப் பார்த்த விமானிகளின் கண்ணில் பட்டது இஷ்மா. விமானங்களுக்கு மூடப்பட்டு ஹெலிகாப்டர் மட்டும் இறங்கிய, 1,325 மீட்டர் நீள ஓடுபாதை. டு-154க்குத் தேவையானதில் ஏறத்தாழ பாதி. மெதுவாகப் பறக்க உதவும் இறக்கை மடிப்பான ஃபிளாப்பும் இறங்கவில்லை, வேகம் வழக்கத்தைவிட மிக அதிகம். ஓடுபாதையைத் தாண்டி இளமரங்களுக்குள் ஓடி நின்றது. 81 பேரும் தங்கள் காலாலேயே இறங்கி நடந்தார்கள். அந்தப் பாதையில் விறகோ வண்டியோ கிடக்காமல், யாரும் கேட்காத நிலையிலும் பல ஆண்டுகள் சுத்தமாக வைத்திருந்தவர் செர்கெய் சொத்னிகோவ் என்ற நிலையப் பொறுப்பாளர். அடுத்த மார்ச்சில் அதே விமானம் பழுது பார்க்கப்பட்டு, அதே குட்டை ஓடுபாதையிலிருந்து எழும்பிப் போனது.

இந்தியாவிலும் டு-154 ஓடியிருக்கிறது. இந்தியன் ஏர்லைன்ஸ் உஸ்பெக்கிஸ்தானிலிருந்து வாடகைக்கு எடுத்த ஒன்று, 1993 ஜனவரி 9 அன்று டெல்லி மூடுபனியில் ஓடுபாதைக்குப் பக்கவாட்டில் இறங்கிக் கவிழ்ந்து எரிந்தது. உள்ளே இருந்த எல்லோரும் தப்பித்தார்கள். யாழ்ப்பாணத்தவர்களுக்கு இந்தக் குடும்பத்தில் மிக நெருக்கமானது அன்டோனோவ் நிறுவனத்தின் அன்-24. போர்க்காலத்தில் பலாலி–இரத்மலானைத் தடத்தில் ஓடிய அந்த ரகத்தில் ஒன்று 1998 செப்டம்பர் 29 அன்று 55 பேரோடு மன்னார் கடலில் விழுந்தது. 1987 ஜூன் 4 அன்று யாழ்ப்பாணத்தில் உணவு மூட்டை போட்ட அன்-32களும் அன்-24 வழிவந்தவைதான்.

பயணிகள் சேவையிலிருந்து பெரும்பாலானவை விலகக் காரணம் சத்தமும் எரிபொருளும். டு-154பி மணிக்குச் சுமார் 6 டன் குடிக்கும். 2002 ஏப்ரலிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் பழைய சத்தக்கார எஞ்சின்களைத் தடுத்துவிட்டது. ரஷ்யாவில் டு-154இன் கடைசிப் பயணிகள் சேவை 2020 அக்டோபர் 28, மிர்னியிலிருந்து நோவசிபிர்ஸ்குக்கு.

இன்று ஒன்றுக்குள் ஏறிப் பார்க்க ஆசைப்பட்டால் உல்யானோவ்ஸ்க், கீவ் அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. ஜெர்மனிக்குப் போகிறவர்கள் பெர்லினுக்கு மேற்கே ஷ்டோல்ன் கிராமத்துக்குப் போங்கள். 1989 அக்டோபர் 23 அன்று கிழக்கு ஜெர்மன் விமானி ஹைன்ஸ்-டீட்டர் கால்பாக் ஓர் இல்-62ஐ அங்கே 900 மீட்டர் புல்தரையில் இறக்கினார். அது இன்னும் அங்கேயே நிற்கிறது. போனால் முதலில் வாலுக்கடியில் குனிந்து அந்த ஊன்றுகாலைப் பாருங்கள், பிறகு படியேறுங்கள்.