கதவைச் சாத்தாதீர்கள்

அன்புள்ள ஐயா,

ஸ்வீடனில், உப்சாலா பல்கலைக்கழகத்தில் வரலாற்றுத் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். இது மூன்றாவது வருடம். உயிர்வேதியியலில் இருக்கும் என் தோழி நான்கு கட்டுரைகளும் ஒரு நீண்ட முன்னுரையும் கொடுத்து முடித்துவிட்டாள். நான் முழு நூலாக எழுத வேண்டும், பாதிகூடத் தாண்டவில்லை. நானும் கட்டுரைத் தொகுப்புக்கு மாறிவிடலாமா? டிஃபென்ஸை, அதாவது எல்லோர் முன்னும் நின்று ஆய்வேட்டுக்காக வாதாடுவதை, நினைத்தாலே நடுக்கமாக இருக்கிறது. அன்றைக்கு யாரையும் அழைக்கப்போவதில்லை. பிள்ளைப்பேறு விடுப்பையும் பாதியாகக் குறைத்துக்கொள்ள நினைக்கிறேன்.

கயல்

அன்புள்ள கயல்,

நூலா, தொகுப்பா என்பதை உங்கள் நெறியாளர்களோடு உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். தோழியோடு ஒப்பிடுவதை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள். அந்த நான்கு கட்டுரைகளுக்காக ஆய்வகத்தில் அவர் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது.

ஆனால் 'யாரையும் அழைக்கப்போவதில்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் கோபம்தான் வந்தது. சில நாட்களாக, பதினெட்டாம் நூற்றாண்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் காலத்து உப்சாலாவைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். அப்போதெல்லாம் பெரும்பாலும் பேராசிரியரே ஆய்வேட்டை எழுதுவார், மாணவர் சபையில் நின்று லத்தீனில் அதற்காக வாதாடுவார். லின்னேயஸ் தலைமையில் அப்படி 186 ஏடுகள் வந்தன. இன்று உங்கள் சொந்த எழுத்துக்காக நீங்களே நின்று பேசப்போகிறீர்கள். அதைப் போய் ஒளித்துச் செய்வதா?

ஸ்வீடனின் இன்னொரு பல்கலைக்கழக ஊரான லுண்டில் நண்பரின் மகளுடைய டிஃபென்ஸுக்குப் போயிருந்தேன். முதியோர் பராமரிப்பு பற்றிய ஆய்வு. யாரும் முன்கூட்டியே பார்க்கலாம் என்று, அங்குள்ள வழக்கப்படி மூன்று வாரம் முன்பே நூலின் மூலையில் துளை போட்டு, கயிறு கோத்து, சுத்தியலால் ஆணியடித்துப் பலகையில் மாட்டியிருந்தாள். அன்று ஆய்வேட்டைக் கேள்வி கேட்டுச் சோதிக்க வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வந்த எதிர்வாதி ஒரே அட்டவணையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. தீர்ப்பில் அவருக்கு ஓட்டு கிடையாது, அது தனிக் குழுவின் வேலை. அப்புறம் அவையில் யாருக்காவது கேள்வி உண்டா என்றார்கள். ஊர்க்காரப் பாட்டி ஒருவர் எழுந்து, "நீ பேசியவர்களில் தனியாக வாழ்பவர்கள் எத்தனை பேர்?" என்று கேட்டார். அவள் பக்கங்களைப் புரட்டினாள், விரலை வைத்தாள், எண்ணிக்கையைச் சொன்னாள். பாட்டி அதைக் குறித்துக்கொண்டார். அந்தப் பாட்டி உள்ளே வரக்கூடாது என்கிறீர்களா?

குறைந்த மதிப்பெண் வாங்கினால் அவமானம் என்ற பயமும் வேண்டாம். இப்போது தேர்ச்சி, தேர்ச்சியில்லை, அவ்வளவுதான். 1884இல் உங்கள் உப்சாலாவிலேயே வேதியியலாளர் அர்ஹீனியஸின் ஆய்வேட்டுக்கு மட்டமான மதிப்பெண் போட்டார்கள். அவர் அதைப் பூட்டி வைக்கவில்லை, வெளியூர் அறிஞர்களுக்கு அனுப்பினார். ஓஸ்ட்வால்ட் என்ற வேதியியலாளர் அதைப் படித்துவிட்டு, ரீகா நகரிலிருந்து உப்சாலாவுக்கே அவரைத் தேடி வந்தார். அந்த ஏட்டிலிருந்து வளர்ந்த கோட்பாட்டுக்குத்தான் 1903இல் அர்ஹீனியஸுக்கு நோபல் பரிசு. அர்ஹீனியஸின் ஆய்வேட்டுக்கு முந்தைய வருடம், 1883இல், அதே பல்கலைக்கழகத்தில், உங்கள் வரலாற்றுத் துறையிலேயே எல்லன் ஃப்ரீஸ் பட்டம் பெற்றார். ஸ்வீடனின் முதல் பெண் முனைவர் அவர். அந்த இடத்தில் நின்றுகொண்டு நீங்கள் பயப்படலாமா அம்மா?

தோழியைக் கூப்பிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள். ஊரிலிருந்து அம்மாவால் வர முடிந்தால் வரட்டும்.

அப்புறம் அந்த விடுப்பு. ஒரு நாள்கூடக் குறைக்காதீர்கள். பிள்ளைப்பேறு விடுப்புக் காலம் உங்கள் நான்கு வருடக் கணக்கில் சேராது, பணிக்காலத்தை அதற்கேற்ப நீட்டித் தருவார்கள். நாளைக்கே துறை அலுவலகத்தில் கேட்டு, உங்கள் ஆய்வுத் திட்டத்தில் புதிய தேதியை எழுத வையுங்கள்.

அன்புடன்