ஜார்ஜ் டபிள்யூ. புஷ் பதவியில் இருந்தபோதே அமெரிக்கப் பழமைவாதிகள் "ஃபெடரல் (மத்திய) அரசைப் பெருக்கிவிட்டார்" என்று அவரைக் குறை சொன்னது ஏன்? அதில் உண்மை எவ்வளவு?

உண்மை நிறையவே இருக்கிறது. ஆனால் "எட்டு ஆண்டில் செலவு இத்தனை மடங்கு" என்று ஒற்றை எண்ணைக் காட்டி வாதாடுகிறவர்கள் அந்த விமர்சனத்தின் வலுவான பகுதியைத் தவறவிடுகிறார்கள். புஷ் எவ்வளவு செலவழித்தார் என்பதைவிட, எந்த வகைச் செலவைச் சட்டமாக்கினார் என்பதுதான் அன்றைய பழமைவாதிகளின் மனத்தாங்கல்.

முதலில் எண்களைச் சரிசெய்துகொள்வோம். அமெரிக்க நிதியாண்டு அக்டோபர் 1-இல் தொடங்கி செப்டம்பர் 30-இல் முடிகிறது. முடிகிற ஆண்டின் பெயரால் அழைக்கப்படுகிறது. அதிபர் பதவியேற்பது ஜனவரி 20. ஆகவே 2001 நிதியாண்டு பெரும்பாலும் கிளின்டன் காலத்தில் முடிவான பட்ஜெட். 2009 நிதியாண்டு புஷ் காலத்தில் தொடங்கி ஒபாமா காலத்தில் முடிந்தது. அந்த ஒரு ஆண்டை யார் தலையில் கட்டுவது என்பதிலேயே பாதிச் சண்டை நடக்கிறது. அதை ஒதுக்கிவிட்டு 2001-ஐயும் 2008-ஐயும் ஒப்பிடுவதே நேர்மை. மொத்தச் செலவு 1.86 லட்சம் கோடி டாலரிலிருந்து 2.98 லட்சம் கோடி டாலரானது. விலைவாசி உயர்வைக் கழித்தாலும் ஏறத்தாழ முப்பது சதவீத வளர்ச்சி. 2001-இல் 12,800 கோடி டாலர் உபரி இருந்தது. 2008-இல் 45,900 கோடி டாலர் பற்றாக்குறை. பாதுகாப்புச் செலவு இதே காலத்தில் சுமார் 30,500 கோடியிலிருந்து 61,600 கோடியாக, அதாவது இரட்டிப்பானது. கூடிய செலவில் கால்பங்குக்குச் சற்று அதிகம் அதிலேயே அடங்கிவிடுகிறது. மீதி எங்கே போனது என்பதுதான் கேள்வி.

இங்கே ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். ஃபெடரல் செலவு இரண்டு வகை. ஒன்று, காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) ஆண்டுதோறும் வாக்களித்து ஒதுக்குவது. மற்றது, சட்டம் இருக்கும்வரை யாரும் வாக்களிக்காமலே ஓடிக்கொண்டிருப்பது: முதியோர் ஓய்வூதியம், முதியோருக்கான மருத்துவக் காப்பீடான மெடிகேர் போன்றவை. முதல் வகையை அடுத்த ஆண்டே வெட்டலாம். இரண்டாவது வகையைத் தொட, பயன்பெறும் கோடிக்கணக்கான வாக்காளர்களுக்கு எதிராகப் புதுச் சட்டம் இயற்ற வேண்டும். பழமைவாதிகள் அஞ்சியது இரண்டாவதைக் கண்டு. புஷ் கொண்டுவந்ததில் மிகப் பெரியதும் அந்த இரண்டாவது வகைதான்.

முதியோர் வாங்கும் மருந்துகளின் செலவையும் மெடிகேர் ஏற்க வழிசெய்த 2003 மெடிகேர் மருந்துச் சட்டத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கவேண்டும். காங்கிரஸின் பட்ஜெட் தீர்மானம் இதற்கு ஒதுக்கிய எல்லை பத்தாண்டுக்கு 40,000 கோடி டாலர். காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகம் 39,500 கோடி என்று மதிப்பிட்டது. எல்லைக்குள் சரியாக அடங்கியது. அடங்கியதற்கு ஒரு காரணம் உண்டு: கணக்கின் பத்தாண்டு 2004-இல் தொடங்கியது, முழுப் பலனோ 2006 ஜனவரியில்தான் தொடங்கியது. ஆக, பத்தாண்டு விலையாகச் சொல்லப்பட்டதில் முழுச் செலவு எட்டு ஆண்டுக்குத்தான். எந்த நாட்டில் எந்தக் கட்சி புதுத் திட்டம் கொண்டுவந்தாலும் நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான்: கணக்கு எந்த ஆண்டில் தொடங்குகிறது, பலன் எந்த ஆண்டில் தொடங்குகிறது.

மெடிகேரின் தலைமைக் கணக்கியலாளர் ரிச்சர்ட் ஃபாஸ்டரின் மதிப்பீடோ 50,000 கோடியைத் தாண்டியது. அதை காங்கிரஸுக்குக் கொடுத்தால் வேலை போகும் என்று மேலதிகாரி எச்சரித்ததாக அவர் பின்னர் சொன்னார். வாக்கெடுப்பு முடிந்து, சட்டம் கையெழுத்தாகி, 2004 ஜனவரி இறுதியில்தான் 53,400 கோடி என்ற எண்ணை வெள்ளை மாளிகை வெளியிட்டது. 40,000 கோடியை நம்பி வாக்களித்த பழமைவாத உறுப்பினர்களுக்கு இது துரோகமாகவே பட்டது. அவர்கள் கோபம் நியாயமானது.

வாக்கெடுப்பு நடந்த விதமும் சேர்ந்துகொண்டது. 2003 நவம்பர் 22, அதிகாலை மூன்று மணிக்குப் பிரதிநிதிகள் சபையில் வாக்கெடுப்பு தொடங்கியது. வழக்கமாகப் பதினைந்து நிமிடம். தோற்றுக்கொண்டிருந்ததால் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் திறந்தே வைத்தார்கள். அதிபரே தொலைபேசியில் உறுப்பினர்களிடம் பேசினார். ஐடஹோவின் பட்ச் ஆட்டரும் அரிசோனாவின் ட்ரென்ட் ஃப்ராங்க்ஸும் கடைசி நேரத்தில் வாக்கை மாற்றினார்கள். 220-215 என நிறைவேறியது. புஷ்ஷின் குடியரசுக் கட்சியில் எதிர்த்து நின்றவர்கள் 25 பேர் மட்டுமே. அவர்களில் முன்னணியில் நின்றவர் பிற்காலத்தில் துணை அதிபரான மைக் பென்ஸ். மிச்சிகன் உறுப்பினர் நிக் ஸ்மித், தன் மகனின் தேர்தலைக் காட்டித் தனக்கு அழுத்தம் தரப்பட்டது என்றார். அதை விசாரித்த சபையின் நெறிக்குழு 2004-இல் பெரும்பான்மைத் தலைவர் டாம் டிலேயைக் கண்டித்தது.

சட்டத்தின் அமைப்பிலும் குறை இருந்தது. 2006 விதிப்படி, ஆண்டு மருந்துச் செலவில் முதல் 250 டாலர் நோயாளியின் கையிலிருந்து. 2,250 டாலர் வரை அவர் பங்கு 25 சதவீதம். அதற்கு மேல் 5,100 டாலர் வரை முழுவதும் அவரே. அதைத் தாண்டினால் 5 சதவீதம். நடுவில் இருந்த அந்த ஓட்டை எதற்கு? மொத்தத் தொகையை 40,000 கோடிக்குள் அடக்க. ஓட்டை இருந்தால் அதை அடைக்கச் சொல்லித்தான் அடுத்த கோரிக்கை வரும் என்று எதிர்த்தவர்கள் சொன்னார்கள். 2010-இல் ஒபாமாவின் மருத்துவச் சட்டம் அதைப் படிப்படியாக அடைக்கத் தொடங்கியது. வருமானப் பக்கத்தில், தனி வரி எதுவும் விதிக்கப்படவில்லை; பயனாளி கட்டும் சந்தா செலவில் ஏறத்தாழக் கால்பங்கு, மிச்சம் பெரும்பாலும் பொதுக் கருவூலத்திலிருந்து.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். உண்மைச் செலவு முதல் மதிப்பீட்டைவிடக் குறைவாகவே வந்தது. பல மருந்துகளின் காப்புரிமை முடிந்து மலிவான ஜெனரிக் மருந்துகள் வந்தது ஒரு காரணம். தனியார் காப்பீட்டுத் திட்டங்களின் போட்டி இன்னொன்று என்பது ஆதரவாளர்கள் வாதம். ஆனாலும் வரி ஒதுக்காத ஒரு நிரந்தர வாக்குறுதி என்ற அடிப்படைக் குறை அதனால் மறையவில்லை.

கல்வியில் நடந்தது வேறு மாதிரி. 1996-இல் குடியரசுக் கட்சியின் கொள்கை அறிக்கை ஃபெடரல் கல்வித் துறையையே ஒழிப்போம் என்றது. ஆறே ஆண்டில், 2002 ஜனவரி 8 அன்று, "எந்தக் குழந்தையும் பின்தங்கக் கூடாது" என்ற சட்டத்தில் புஷ் கையெழுத்திட்டார். பள்ளிச் செலவில் பத்து சதவீதத்துக்கும் குறைவாகக் கொடுக்கும் ஃபெடரல் அரசு, மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்பு, கணிதத் தேர்வு வைக்கச் சொன்னது. 2014-க்குள் நூறு சதவீதத் தேர்ச்சி இலக்கு. தேர்ச்சி மட்டத்தை நிர்ணயிப்பதோ மாநிலங்கள். ஆகவே சில மாநிலங்கள் மட்டத்தைக் குறைத்தே தப்பித்தன. பழமைவாதிகள் கேட்ட தனியார் பள்ளி வவுச்சர் (தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசு தரும் உதவி), ஜனநாயகக் கட்சியின் டெட் கென்னடியோடு நடந்த பேரத்தில் விழுந்துவிட்டது. குடியரசுக் கட்சியின் கோட்டையான யூட்டாவே 2005-இல் மாநில இலக்குக்கே முன்னுரிமை என்று சட்டம் போட்டது. பணம் குறைவு, கட்டளை அதிகம் என்பதே அங்கே புகார்.

செலவை அடக்க வீட்டோவை (காங்கிரஸ் நிறைவேற்றிய மசோதாவை அதிபர் திருப்பி அனுப்பும் அதிகாரம்) புஷ் பயன்படுத்தவில்லை என்ற புகாரில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. விமர்சகர்கள் சொன்னது முழுக்கச் சரி. பதவியேற்று ஐந்தரை ஆண்டு புஷ் ஒரு மசோதாவைக்கூடத் திருப்பி அனுப்பவில்லை. 2006 ஜூலை 19 அன்று வந்த முதல் வீட்டோவும் ஸ்டெம்செல் ஆராய்ச்சி பற்றியது, செலவு பற்றியதல்ல. 1987-இல் நெடுஞ்சாலை மசோதாவில் உறுப்பினர்கள் தங்கள் பகுதிக்கென நுழைத்த நூற்றுக்கு மேற்பட்ட தனி ஒதுக்கீடுகள் இருந்ததை ரீகன் ஏற்காமல் வீட்டோ செய்தார் (காங்கிரஸ் அதை மீறி நிறைவேற்றியது வேறு கதை). 2005 ஆகஸ்டில் புஷ் கையெழுத்திட்ட 28,640 கோடி டாலர் நெடுஞ்சாலைச் சட்டத்தில் அப்படிப்பட்டவை ஆறாயிரத்துக்கும் மேல். அலாஸ்காவின் கெட்சிகன் ஊரையும் சில பத்துப் பேரே வாழும் கிராவினா தீவையும் இணைக்க 22 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கப்பட்ட பாலம் அதில் ஒன்று. அந்த அக்டோபரில் குடியரசுக் கட்சியின் ஓக்லஹோமா செனட்டர் டாம் கோபர்ன் அதை நிறுத்தத் திருத்தம் கொண்டுவந்தார். 82-15 என்று தோற்றது. அவரைத் தோற்கடித்ததில் அவருடைய கட்சியினரும் ஏராளம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: புதுச் செலவுக்கு ஈடு காட்டியாக வேண்டும் என்று 1990-இல் வந்த விதி 2002 செப்டம்பரோடு காலாவதியாகிவிட்டது. வேலியும் இல்லை, வீட்டோவும் இல்லை.

கத்ரீனா புயலுக்குப் பிறகு 6,200 கோடி டாலர் நிவாரணம் ஒதுக்கப்பட்டதும், பென்ஸ் தலைமையில் பழமைவாத உறுப்பினர்கள் அதற்கு ஈடான வெட்டுகளின் பட்டியலை வெளியிட்டார்கள். மருந்துத் திட்டத்தை ஓராண்டு தள்ளிவைப்பது அதில் முக்கியமானது. தலைமை அதை ஏற்கவில்லை. கடைசியில் 2006 பிப்ரவரியில் தேறியது ஐந்தாண்டுக்குச் சுமார் 3,900 கோடி டாலர் சிக்கனம். அதுவும் 216-214 என்ற வாக்கில். மருந்துச் சட்டத்தால் செலவைக் கூட்டியது ஒரு இரவில் முடிந்தது, அதன் சிறு துண்டைக் குறைக்க மாதக்கணக்கில் இழுத்தது.

வெளியில் நின்று பேசியவர்களுக்கும் விலை இருந்தது. ரீகன் அரசில் பணியாற்றிய பொருளாதார அறிஞர் புரூஸ் பார்ட்லெட், புஷ்ஷை விமர்சித்துப் புத்தகம் எழுதியதால் 2005-இல் தன் ஆய்வு மையத்தில் வேலை இழந்தார்.

விமர்சகர்களிடமும் குறை உண்டு. ஈராக் போர்ச் செலவையும் 2001, 2003 வரிக்குறைப்புகளையும் பற்றாக்குறைக் கணக்கில் சேர்த்துப் பேசியவர்கள் அவர்களில் மிகச் சிலர். டெக்சஸின் குடியரசுக் கட்சி உறுப்பினர் ரான் பால் போன்றவர்கள் விதிவிலக்கு. பலர் குரலை உயர்த்தியது 2004 மறுதேர்தல் முடிந்தபிறகுதான்.

கடைசி மோதல் 2008 நிதி நெருக்கடியின்போது. 70,000 கோடி டாலர் வங்கி மீட்பு மசோதாவை செப்டம்பர் 29 அன்று பிரதிநிதிகள் சபை 228-205 என நிராகரித்தது. எதிர்த்தவர்களில் 133 பேர் அதிபரின் சொந்தக் கட்சியினர். பங்குச் சந்தை சரிந்தது, அக்டோபர் 3 அன்று திருத்திய மசோதா நிறைவேறியது. டிசம்பரில் கார் நிறுவனங்களுக்கான கடன் மசோதாவை செனட் தடுத்தபோது, வங்கிகளுக்கென ஒதுக்கிய அதே நிதியிலிருந்து 1,740 கோடி டாலரை ஜெனரல் மோட்டார்ஸுக்கும் கிரைஸ்லருக்கும் புஷ் அறிவித்தார். காங்கிரஸ் மறுத்ததை அதிபர் வேறு சட்டத்தின் பணத்தில் செய்தார் என்பதால், அளவில் சிறியதானாலும், அதிகாரப் பிரிவைப் பற்றிக் கவலைப்படுகிற பழமைவாதிகள் இதையும் கடுமையாக எடுத்துக்கொண்டார்கள்.