பாக்கி வழக்குக்கு எப்படிப்பட்ட வக்கீல் வேண்டும்?

கேள்வி: திருப்பூரில் நூல் வியாபாரம் செய்கிறேன். ஒரு பனியன் கம்பெனி 18 லட்ச ரூபாய் பாக்கி வைத்துவிட்டு, 'நூல் தரம் சரியில்லை' என்கிறது. கோர்ட்டில் நன்றாகப் பேசும் வக்கீலை எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், திருப்பூர்

பதில்: பேச்சைப் பிறகு பார்க்கலாம். முதல் சந்திப்பில் அவர் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். "கடைசி பில் என்ன தேதி? எத்தனை நாள் கடன்? கையெழுத்துப் போட்ட நிலுவை ஒப்புதல் கடிதம் உண்டா?" என்று கேட்பவர் வேலை தெரிந்தவர். பாக்கி வழக்குக்குக் காலவரம்பு 3 வருடம்தான். அது முடிவதற்குள் எழுதி வாங்கிய ஒப்புதல் இருந்தால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக 3 வருடம் எண்ணலாம்.

தொகை 3 லட்சத்தைத் தாண்டுவதால் இது 2015-ஆம் ஆண்டு வணிக நீதிமன்றச் சட்டத்தின் கீழ் வரும். அவசர நிவாரணம் கேட்காத வழக்கென்றால் முதலில் சமரசத்துக்குப் போயே ஆகவேண்டும். போகாவிட்டால் பிராதே, அதாவது வழக்கு மனுவே, தள்ளுபடியாகும். 'ஆவணத்தை அப்புறம் சேர்த்துக்கலாம்' என்ற பழக்கமும் இங்கே செல்லாது. உங்களுக்குப் பாதகமானது உட்பட எல்லாவற்றையும் பிராதோடு போடவேண்டும்.

நூலில் குறை என்று அவர்கள் எழுதிய கடிதம் உங்கள் ஃபைலில் இருக்கிறதா? அதை மறைக்கச் சொல்லும் வக்கீலிடம் வழக்குக் கட்டைக் கொடுக்காதீர்கள். நல்ல வக்கீல் அதன் தேதியைத்தான் பார்ப்பார். குறுக்கு விசாரணையில் "நூல் நல்லதுதானே?" என்று கேட்கவும் மாட்டார். "சலானில் இருப்பது உங்கள் ஸ்டோர்கீப்பர் கையெழுத்தா? இந்த லாட் முழுவதையும் நிட்டிங் போட்டீர்களா? அது முடிந்த பிறகுதானே இந்தக் கடிதம்?" என்று ஒவ்வொன்றாக ஆமாம் வாங்குவார். உபயோகித்த சரக்கை ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் கொள்ளும். அதன்பின் எதிர்த்தரப்பு நஷ்டஈடு கேட்கலாமே தவிர, சரக்கையே வேண்டாம் என்று சொல்ல முடியாது.

வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். ஒரு பகுதியில் நீங்களும் மறு பகுதியில் நிபுணரும் ஹேஷ் மதிப்போடு (ஃபைல் மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடு) கையெழுத்திட வேண்டும். அதுவரை அந்த போனை மாற்றவோ மெசேஜை அழிக்கவோ வேண்டாம்.

சாட்சிக் கூண்டில் யார் ஏறுவது என்றும் வக்கீலிடம் கேளுங்கள். லெட்ஜர் எழுதுவது உங்கள் கணக்கர் என்றால் அவரும் சாட்சியாக வேண்டும். "இந்தப் பதிவை எழுதியது யார்?" என்ற கேள்விக்கு முதலாளி தடுமாறினால், கணக்குப் புத்தகத்தின் மேலேயே சந்தேகம் விழும்.