பெரிய மீன் கடைசி ஒரு முழத்தில்தான் தப்பும்: கேள்வி பதில்

உறைந்த ஏரியில் மீன் பிடிப்பதைப் பற்றி இலங்கை மலையகத்திலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். நான் காசல்ரீ நீர்த்தேக்கக் கரையில் தூண்டில் பழகியவன். இப்போது இருப்பது கனடாவில், ஒன்ராறியோவின் சிம்கோ ஏரிப் பக்கம். நம் ஊர் நீர்த்தேக்கங்களைப் பற்றியும் சிலர் கேட்டிருக்கிறார்கள், அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நுவரெலியாவிலிருந்து: அண்ணா, இங்கே ஜனவரியில் பனி உறைந்து தேயிலைக் கொழுந்து கருகிப் போகும். ஆனால் கிரகரி வாவி உறைந்து யாரும் பார்த்ததில்லை. அங்கே ஏரிமேல் எந்தத் தைரியத்தில் நடக்கிறீர்கள்?

நுவரெலியாக் குளிர் விடியற்காலையோடு சரி, வெயில் ஏறினால் கரைந்துவிடும். ஏரி உறைய வேண்டுமென்றால் இரவும் பகலும் பூச்சியத்துக்குக் கீழே நாள்கணக்கில் நிற்க வேண்டும். அப்போதும் உறைவது மேல்தட்டு மட்டும்தான். அடியில் ஏறக்குறைய 4 பாகை செல்சியஸில் தண்ணீர் இருக்கிறது, மீனும் அங்கேதான்.

தைரியத்தை நம்பி யாரும் நடப்பதில்லை, அளந்துவிட்டுத்தான் நடக்கிறோம். ஓர் ஆள் நடக்கத் தெளிவான, கடினமான ஐஸ் குறைந்தது 10 சென்ரிமீற்றர் இருக்க வேண்டும். பால்போல வெளுத்த ஐஸ் என்றால் அதைப்போல இரண்டு மடங்கு. நீரோட்டம் உள்ள இடத்தில் அது மெலிந்திருக்கும் என்பதால் போகப் போக அளக்க வேண்டும். கழுத்தில் இரண்டு கூர்முனைப் பிடிகள் தொங்கும். தவறி விழுந்தால் ஐஸில் குத்தி மேலே ஏற அவைதான் உதவும்.

ஹட்டனிலிருந்து: மீன் பிடிக்க ஐஸில் துளை எவ்வளவு பெரிதாகப் போட வேண்டும்?

பொதுவாக 8 அங்குலம். பெரிய லேக் டிரவுட், பைக் மீன்களை எதிர்பார்த்தால் 10 அங்குலம். அதைவிட அகலமாக்கினால் ஆள் கால் வைக்கும் ஆபத்து.

தலவாக்கலையிலிருந்து: டொரொண்டோவுக்குப் போன என் மச்சான் சொல்கிறான், மீன் துளை வாய் வரைக்கும் வருகிறதாம், அங்கே அறுத்துக்கொண்டு போய்விடுகிறதாம். ஏன் அண்ணா?

இந்தக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்தேன். பெரிய மீன் ஆழத்தில் இருக்கும்போது யாரும் அவசரப்படுவதில்லை. தலை தெரிந்ததும்தான் கை பதறுகிறது. மீனுக்கும் அதே நேரத்தில்தான் பயம் வருகிறது. மேலே வெளிச்சத்தையும் ஆளையும் கண்டதும் கடைசி பலத்தைத் திரட்டி ஓடும். நீங்கள் இழுக்க, அது ஓட, தங்கூசி (நைலோன் தூண்டில் நூல்) துளையின் அடிவிளிம்பில் உரசும். அந்த விளிம்பு கத்திபோல இருக்கும்.

மச்சானிடம் இதைச் சொல்லுங்கள். துளை போட்டவுடன் ஐஸ் கூழை அள்ளி எடுத்துவிட வேண்டும். மீன் ஓடும்போது கம்பின் நுனியைத் துளைக்குள் தண்ணீரில் இறக்கிப் பிடித்தால் நூல் விளிம்பைத் தொடாது. பனிக்காலக் கம்பு இரண்டரை அடிபோலக் குட்டையாக இருப்பதால் முட்டி போட்டுக்கொண்டே இதைச் செய்யலாம். மீன் காட்டும் கருவியின் வயர் துளையில் தொங்கினால், பெரிய மீன் என்று தெரிந்த நொடியே அதை வெளியே எடுத்துவிட வேண்டும். அதில் சுற்றினால் மீன் போனதுதான்.

அப்புறம், தலை துளைக்கு நேராக வராத மீனைத் தூக்கவே கூடாது. குறுக்கே நிற்கும் மீன் 10 அங்குலத் துளையிலும் நுழையாது. அது ஒரு சுற்றுப் போகட்டும், இன்னொரு சுற்றும் போகட்டும். மூக்கு துளைக்குள் வந்ததும் நிறுத்தாமல் ஒரே சீராக மேலே கொண்டுவர வேண்டும். கையால் பிடிப்பதென்றால் செவுள் மூடியின் உள்விளிம்பில், சிவப்புச் செவுளைத் தொடாமல். பைக்கின் வாய்க்குள் விரல் போகவே கூடாது, பல் அப்படி.

பொகவந்தலாவையிலிருந்து: ரீலில் டிராக் எவ்வளவு இறுக்கம் வேண்டும்?

டிராக் என்பது மீன் இழுக்கும்போது ரீல் நூலை எவ்வளவு இறுக்கமாக விட வேண்டும் என்று வைக்கும் பிடி. நூலின் பலத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை. 8 இறாத்தல் நூலென்றால் இரண்டு, இரண்டரை இறாத்தல் இழுவையிலேயே ரீல் நூலை விட வேண்டும். சின்னத் தராசில் கட்டி இழுத்துப் பாருங்கள், கைக்கணக்கு ஏமாற்றும். குளிர்நாட்டில் இன்னொரு தொல்லை, ரீலுக்குள் போன தண்ணீர் உறைந்து டிராக்கைப் பூட்டிவிடும். மீன் கடிப்பதற்கு முன்பே அவ்வப்போது நூலை இழுத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

மஸ்கெலியாவிலிருந்து: மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் பெரிய கார்ப் மீன் மாட்டினால் கரைக்கு எப்படி எடுப்பது? ஐஸ் இல்லையே!

ஐஸ் இல்லை, ஆனால் பழைய மஸ்கெலியா நகரமே அந்தத் தண்ணீருக்கடியில் இருக்கிறது தம்பி. வரட்சியில் பழைய கோயில் வெளியே தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சுவர்களும் அடிமரங்களும்தான் உங்கள் கூர்விளிம்பு. தண்ணீர் வற்றிய காலத்தில் கரையோரம் நடந்து எங்கே என்ன கிடக்கிறது என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சேற்றில் மட்டும் இறங்காதீர்கள், கால் புதையும்.

கார்ப் நேராக ஓடினால் கம்பைத் தாழ்த்திப் பக்கவாட்டில் இழுங்கள், தலை திரும்பும். அத்தாங்கு இருந்தால் முதலில் அதைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி அசையாமல் பிடித்து, மீனைத் தலைப்பக்கமாக அதன்மேல் கொண்டுவாருங்கள். வலையைத் தூக்கிக்கொண்டு மீனைத் துரத்தினால் அது மறுபடி ஓடும்.

கொட்டகலையிலிருந்து: பிடித்ததைத் திரும்ப விடுவதென்றால்?

கடுங்குளிரில் மீனை ஐஸ்மேல் போட்டு வைத்துப் படம் எடுக்கக் கூடாது. செவுளும் கண்ணும் சீக்கிரம் உறைந்துபோகும். ஈரக்கையால் பிடித்து உடனே விடுங்கள். ஆழத்திலிருந்து வந்த பேர்ச் மீனுக்குக் காற்றுப்பை ஊதிவிடும், அதை விட்டாலும் பிழைப்பது கடினம். அதனால் உண்ணப் போதுமானது கிடைத்ததும் ஆழத்தை விட்டு நகர்ந்துவிடுவேன்.

நோர்வூட்டிலிருந்து: எங்களிடம் ரீல் இல்லை அண்ணா, தங்கூசியும் முள்ளும்தான். பெரிய மீன் மாட்டினால் என்ன செய்ய?

கவலைப்பட வேண்டாம். சிம்கோவிலும் டிப் அப் என்றொரு தூண்டில் உண்டு. மீன் கடித்ததும் கொடி நிமிரும், அப்புறம் நூலைக் கையாலேயே மாற்றி மாற்றி இழுப்பார்கள். அங்கே கையே டிராக். கையில் ஒருபோதும் தங்கூசியைச் சுற்றாதீர்கள், மீன் பாய்ந்தால் சதையை வெட்டிவிடும். விரல்களுக்கிடையில் நெருக்கிப் பிடித்து, மீன் ஓடினால் நழுவ விடுங்கள், நின்றால் இழுங்கள். இழுத்த நூல் காலடியில் சிக்காமல் ஒரு பக்கமாக விழட்டும். பழைய துணிக் கையுறை ஒன்று போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது.