குறி தப்பவில்லை

கேள்வி: செயற்கை நுண்ணறிவு இயக்கும் ஆயுதங்கள் மனிதரைவிடத் துல்லியமாகச் சுடும் என்கிறார்கள். அப்பாவிகள் சாவது குறையுமே! ராணுவங்கள் பயன்படுத்தினால் என்ன?

பதில்: துல்லியத்துக்கு ஓர் உதாரணம் தருகிறேன். 2003 மார்ச்சில், இராக் போர் தொடங்கிய சில நாட்களிலேயே, வான் தாக்குதலைத் தடுக்கும் அமெரிக்காவின் பேட்ரியாட் ஏவுகணை பிரிட்டனின் டொர்னாடோ போர் விமானத்தை வீழ்த்தியது. குவைத் தளத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த நட்பு நாட்டு விமானம். இருவர் இறந்தார்கள். குறி தப்பவே இல்லை; யாரைக் குறிவைத்தது என்பதுதான் தப்பு. ரேடாரைத் தாக்க வரும் ஏவுகணை என்று பேட்ரியாட்டின் கணினி அதை வகைப்படுத்தியிருந்தது. ஏப்ரல் 2-ல் அமெரிக்கக் கடற்படை விமானமே பேட்ரியாட்டுக்குப் பலியானது.

அது பழைய கணினி, இன்றைய ஏ.ஐ. அப்படிச் செய்யாது என்பீர்கள். சரி. ஆனால் டொர்னாடோவைச் சுடும் முன் யோசிக்க அங்கே ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது ஏறத்தாழ ஒரு நிமிடம். ‘இறுதி முடிவு மனிதருடையதுதான்’ என்று எந்த ராணுவம் சொன்னாலும் நான் கேட்பது இதுதான்: யோசிக்க எத்தனை நொடி கொடுப்பீர்கள்? கணினி சொன்னதை மறுத்த சிப்பாயை என்ன செய்வீர்கள்? திரையில் வருவதற்கெல்லாம் தலையாட்டுகிறவர் முடிவெடுப்பவர் அல்ல.

மனிதரும் தவறுவார்கள். 1988-ல் அமெரிக்கப் போர்க்கப்பல் வின்சென்ஸ், ஈரான் பயணிகள் விமானத்தை வீழ்த்தி 290 பேரைக் கொன்றது. விமானம் மேலே ஏறுவதைக் கணினி சரியாகவே பதிவுசெய்தது. இறங்கி வருகிறது என்று நம்பியவர்கள் மனிதர்கள். ஆனால் அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து விசாரிக்க முடிந்தது. ஒரு நிரலை எந்தக் கூண்டில் நிறுத்துவது?

கப்பலை நோக்கிப் பாயும் ஏவுகணையைத் தானே சுடும் பீரங்கிகள் 1980-களிலிருந்தே இருக்கின்றன. அவற்றோடு எனக்குச் சண்டையில்லை. இன்னாரைக் கொல்லலாம் என்று தேர்ந்தெடுப்பதை மட்டும் இயந்திரத்திடம் விடக் கூடாது.

அப்புறம், நான் ஓயாமல் எழுதும் கண்ணிவெடி. மிதித்தது சிப்பாயா, குழந்தையா என்று அதற்குத் தெரியாது. போர் முடிந்ததும் தெரியாது. அதைத் தடைசெய்ய முடியாது என்றுதான் அன்றும் சொன்னார்கள். கண்ணிவெடி பற்றிய ஜெனீவாப் பேச்சு 1996-ல் அரைகுறையாக முடிந்ததும், கனடா ஒத்த கருத்துள்ள நாடுகளைத் தனியே கூட்டியது. 1997 டிசம்பரில் ஒட்டாவாவில் 122 நாடுகள் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அமெரிக்கா, ரஷ்யா, சீனா, இந்தியா சேரவில்லை. ஒப்பந்தம் அதற்காக நிற்கவில்லை. தானியங்கி ஆயுதங்கள் பற்றி ஜெனீவாவில் 2014 முதல் பேசுகிறார்கள். அங்கே எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்டால்தான் எதுவும் நகரும். 2026-க்குள் சட்டம் வேண்டும் என்று ஐ.நா. பொதுச்செயலாளர் குட்டெரெஸ் 2023-ல் கேட்டார். விருப்பமுள்ள நாடுகள் மறுபடியும் தனியே கூடட்டும்.